ஆபீசில் பிளக் இல்லையா?

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்றைக்கு லேப்டாப் பேட்டரி மூன்று மணி ஐந்து நிமிடம் தாங்கியது. ஒன்பதுக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டு ஐந்துக்கு உயிரை விட்டது. மாலை ஆறு மணிவரை வேலை பார்ப்பதுபோல் நடிக்க வேண்டிய மனிதனுக்கு இது எப்படிப் போதும்?

வேலை போய்ப் பதினோரு நாள் ஆகிறது. ஜூலை 31 அன்று ஒரு சின்ன அறைக்குள் கூப்பிட்டு, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "இத்தனை வருஷம் உழைச்சதுக்கு நன்றி, திருமூர்த்தி" என்றார்கள். பதினாறு வருடத்தில் அந்தக் கம்பெனியில் எனக்கு யாராவது தண்ணீர் கொடுத்தது அதுதான் முதல் தடவை. ரேணுகாவிடம் சொல்லவில்லை. அடுத்த வேலை கிடைத்ததும் போனதையும் வந்ததையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம் என்பது திட்டம். அதுவரை காலை எட்டே முக்காலுக்கு டிபன் பாக்ஸ், சொந்த லேப்டாப், கழுத்தில் ஆபீஸ் கயிறு சகிதம் கிளம்புகிறேன். கயிற்றில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். வெறும் கயிற்றின் நுனியைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டால் அட்டை உள்ளே இருப்பதாகத்தான் தெரிகிறது.

சார்ஜரை எடுத்துப் போக முடியாது. அது டிவி பக்கத்துப் பிளக்கிலேயே குடியிருக்கும் சார்ஜர். ஆபீசில் கம்பெனி கொடுத்த இன்னொன்று இருந்தது. இத்தனை வருடம் அங்கேயே இருந்த பொருளை இப்போது பையில் போட்டால் ரேணுகா அந்த நிமிடமே ஏன் என்பாள். அவள் மின்வாரியத்தில் கணக்கீட்டாளர். வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கிறவள். வீட்டில் எந்தப் பிளக்கில் எது சொருகியிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

இந்த டைரி ஓர் இன்சூரன்ஸ் ஏஜென்ட் கொடுத்தது. பீரோ மேல் லேப்டாப்பின் காலி அட்டைப்பெட்டிக்குள் வைக்கிறேன். சாயங்காலம் ரிப்பன் இருக்கும் பக்கத்தைத் திறந்து எழுதி மூடிவிடுவேன். எழுதியதைத் திரும்பப் படிக்கும் வழக்கம் எனக்கு இல்லை. ஆபீசில் புரோகிராம் எழுதும்போதும் இதே கொள்கைதான். தண்ணீர் கொடுத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

குற்றவாளியைப் பிடித்துவிட்டேன்.

என் லேப்டாப்பில் படம் காட்டுகிற கார்டு இரண்டு உண்டு. ஒன்று பிராசஸரோடு ஒட்டிப் பிறந்த சின்ன கார்டு. டைப் அடிக்க, மெயில் பார்க்க, படம் பார்க்க அது போதும். அரை வயிற்றுக் கஞ்சியில் காலம் தள்ளும். இன்னொன்று தனியாக வைத்த பெரிய கார்டு. முப்பரிமாண வேலைக்கென்றே இருப்பது. அசுர பலம், அசுரப் பசி. என் லேப்டாப்பை இயக்குவது விண்டோஸ் அல்ல, லினக்ஸ்; அதில் எதை எப்போது ஓடவிடுவது என்பதை நாமே முடிவு செய்யலாம். நாமே முடிவு செய்யலாம் என்றால், யாரும் நமக்காகச் செய்து தர மாட்டார்கள் என்று அர்த்தம். பதினைந்து வருடமாக லினக்ஸுக்குக் காவடி தூக்குகிறவன் சொல்கிறேன்.

நான் மெயில் பார்த்துக்கொண்டிருந்த மூன்று மணி நேரமும் பெரிய கார்டு முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மொத்தம் பதினான்கு வாட். ஒருவரும் எனக்கு மெயில் அனுப்பவில்லை என்பதைப் பார்ப்பதற்குப் பதினான்கு வாட்.

சாப்பிடும்போது ரேணுகா கேட்டாள்: "ஏனுங்க, ஆபீசுல ஏதாச்சும் விசேஷமுங்களா?"

"என்ன விசேஷம்? எப்பவும்போலத்தான்" என்றேன். ரசம் நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 14, வியாழன்

பார்க் பெஞ்சு சரிவராது. வெயிலில் திரை தெரிய வெளிச்சத்தை முழுதாக ஏற்ற வேண்டியிருக்கிறது. பேட்டரி இன்னும் சீக்கிரம் சாகிறது. தவிர, நடைப்பயிற்சிக்கு வரும் ஒரு பெரியவர் தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மருமகனின் சம்பளத்தைச் சொல்கிறார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

சிங்காநல்லூரில் ஒரு பேக்கரி பிடித்திருக்கிறேன். ரேணுகாவின் ஏரியா அல்ல என்பதுதான் அதன் முதல் தகுதி. இரண்டாவது, உள்பக்கமாக இரண்டு பெஞ்சு. நடத்துகிறவர் பாலக்காட்டுக்காரர், குட்டப்பன் சேட்டன். ஒரே ஒரு பிளக்தான். அதில் ஐஸ்கிரீம் பெட்டி. அதன் பக்கம் என் பார்வை போனதுமே சேட்டனுக்குப் புரிந்துவிட்டது.

"சாரே, அதை மட்டும் தொடண்டா. ஊரிப்போட்டா எல்லாம் பாயசமாயிப் போகும்."

"நான் சார்ஜரே கொண்டு வரலை சேட்டா."

"லேப்டாப் உண்டு, சார்ஜர் இல்லா? என்ன ஆபீசு இது!"

ஒரு தேங்காய் பன் சொன்னேன்.

பெரிய கார்டைத் தூங்கவைக்கும் வேலை நடக்கிறது. இரண்டு கார்டும் இருக்கிற முறையில் வைத்தால், கூப்பிடும்போது மட்டும் பெரியது எழுந்திருக்கும், மற்ற நேரம் தூங்கும் என்று எழுதியிருக்கிறார்கள். தூங்கவில்லை. தூங்குகிறதா என்று பார்க்க ஒரு கட்டளை இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அதை அடித்துப் பார்த்தேன்; ஒவ்வொரு தடவையும் முழித்துக்கொண்டே இருந்தது. மத்தியானம்தான் விஷயம் தெரிந்தது. அந்தக் கட்டளையே கார்டை எழுப்பித்தான் கேட்கிறதாம், தூங்குகிறாயா என்று. எழுப்பாமல் பார்க்க வேறு வழி உண்டு. சிஸ்டத்துக்குள் ஒரு சின்னக் கோப்பில் அதன் நிலைமை தானாகவே எழுதப்பட்டிருக்கும். சத்தமில்லாமல் அதைத் திறந்து படித்துவிட்டு மூடிவிட வேண்டியதுதான். அரை நாள் ஒரு பாவப்பட்ட கார்டைத் தூங்கவிடாமல் அடித்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இதற்கெல்லாம் நேரமில்லை. பெரிய கார்டை அடியோடு அணைத்துவிட்டேன். ஒரு கட்டளை, ஒரு ரீஸ்டார்ட். ஆறு வாட்! ஏழு மணி நேரம்! பதினொரு மணிக்குத் திறந்தது, ஐந்தரைக்குப் பேக்கரியை விட்டுக் கிளம்பும்போது இன்னும் ஒன்பது சதவீதம் மிச்சம். வேலை கிடைத்தவன்போல வீட்டுக்கு வந்தேன்.

ஆகஸ்ட் 20, புதன்

ரேணுகாவுக்கு இன்று ஒரே எரிச்சல். ஒரு தெருவில் ஏழு வீடு பூட்டு.

"உள்ளார டிவி ஓடுதுங்க. எனக்குக் கேக்குது. ஆனா தெறக்க மாட்டேங்கறாங்க."

"அப்புறம் என்ன பண்ணுவே?"

"மூணு தடவ தட்டுவனுங்க. தெறக்கலீன்னா அட்டையில தேதியப் போட்டு 'டோர் லாக்'னு எழுதி, கையெழுத்துப் போட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருவேன். மல்லுக்கு நிக்க முடியுங்களா?"

பாவம், வெயிலில் அலைகிறாள். கால் பிடித்துவிடவா என்று கேட்டேன். என்ன திடீர்க் கரிசனம் என்பதுபோலப் பார்த்தாள். பிறகு காலை நீட்டினாள்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. விடுமுறை. நடிக்க வேண்டாத நாள். கொழுக்கட்டை ஒன்பது சாப்பிட்டேன்.

மத்தியானம் தான்யா ஒரு படத்தை லேப்டாப்பிலிருந்து டிவியில் போடச் சொன்னாள். ஒன்பதாம் வகுப்பு, அப்பாவின் தொழில்நுட்ப அறிவில் நம்பிக்கை வைத்திருக்கும் கடைசி வருடம் இதுதான் என்று நினைக்கிறேன். கேபிளைச் சொருகினேன். டிவி கறுப்பாகவே இருந்தது. கழற்றிச் சொருகினேன். ஊதிச் சொருகினேன்.

"அப்பா, வரமாட்டேங்குது."

அப்போதுதான் உறைத்தது. என் லேப்டாப்பில் டிவிக்குப் போகும் துளை பெரிய கார்டோடு இணைக்கப்பட்டது. பெரியதை அணைத்தால் அந்தத் துளையும் செத்துவிடும். மறுபடி பெரியதைப் போட்டு ரீஸ்டார்ட் பண்ணினேன். டிவியில் படம் வந்தது. தான்யா கைதட்டினாள். அந்தக் கைதட்டலில் மயங்கி நான் விளக்கவுரை ஆரம்பித்தேன். பெரிய கார்டு எவ்வளவு குடிக்கிறது, அதை அணைத்ததில் பேட்டரி எப்படி ஏழு மணி நேரம் வருகிறது, உலகத்தில் இதைச் சாதித்தவர்கள் எத்தனை பேர் என்றெல்லாம்.

சுண்டலைக் கிளறிக்கொண்டிருந்த ரேணுகா கேட்டாள்: "ஏழு மணி நேரம் பேட்டரியில எதுக்குங்க ஓட்டறீங்க? ஆபீசுல பிளக் இல்லீங்களா?"

கரண்டி சத்தம் நின்றுபோனது. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

"பிளக் இருக்குது. இது... கரண்ட்டை மிச்சம் பண்றது. சுற்றுச்சூழல்."

"ஓ" என்றாள். மறுபடி கிளறினாள். மின்வாரிய ஊழியரிடமே கரண்ட் சிக்கனம் பேசித் தப்பித்த ஒரே ஆள் கோயமுத்தூர் ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன்.

செப்டம்பர் 1, திங்கள்

பத்து விண்ணப்பம் போட்டதில் ஒன்பது பேர் மௌனம். பத்தாவது ஆள் பதில் போட்டிருக்கிறார்: உங்கள் அனுபவம் எங்கள் தேவைக்கு மிக அதிகம் என்று. எனக்கு நாற்பத்து நான்கு வயது என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

ரேணுகாவின் செக்ஷனில் ஆள் போதாதாம். இவளுக்குக் கூடுதலாக நாலைந்து தெரு கொடுத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 3, புதன்

அதிசயம். காலையில் போனதும் குட்டப்பன் சேட்டன் என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். மூலை பெஞ்சுக்குக் கீழே புத்தம் புதிதாக ஒரு பிளக். சுவிட்சுப் பெட்டியில் இன்னும் பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்கவில்லை.

"சாரிண்டே ஆவசியத்துக்கு. எப்போ வேணுமென்கிலும் குத்திக்கோ."

"என்ன சேட்டா திடீர்னு?"

"ஒண்ணுமில்லா. ஒரு மனுசனுக்கு ஒரு பிளக் வேண்டே?"

போன வாரம் அவருடைய பில் போடும் கம்ப்யூட்டர் திணறியபோது லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். அந்த நன்றி. மனிதர்கள் அடிப்படையில் நல்லவர்கள். ஆனால் சார்ஜர் கொண்டு வரமுடியாதவனுக்குப் பிளக் எதற்கு? மொட்டைத் தலையனுக்குச் சீப்பு. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, மனம் புண்படும்.

செப்டம்பர் 8, திங்கள்

ரேணுகா சாயங்காலம் தேங்காய் பன் வாங்கி வந்திருந்தாள். பிய்த்துத் தின்றோம். சேட்டன் கடை பன் மாதிரியே இருந்தது. அதே பச்சை நூல் கட்டு. கோயமுத்தூரில் எல்லா பேக்கரியும் பன்னை ஒரே இடத்தில்தான் வாங்குகிறார்கள் போலிருக்கிறது.

செப்டம்பர் 10, புதன்

சார்ஜரின் கழுத்து பிய்ந்துவிட்டது. உள்ளே கம்பி தெரிகிறது. ஒரு கோணத்தில் பிடித்தால்தான் ஏறுகிறது.

ரேணுகா அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "ஆபீசுல இன்னொரு சார்ஜர் இருக்குதல்லங்க? அதக் கொண்டாந்துருங்களேன்."

"அது... அங்க தேவைப்படும்."

"ஒருநாளைக்குமா குடுக்க மாட்டாங்க?"

"ரூல்ஸ், ரேணு."

அவள் சார்ஜரைக் கீழே வைத்துவிட்டுப் போய் வாசல் விளக்கைப் போட்டாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் தான்யா அல்ஜீப்ராவோடு வந்துவிட்டாள். அல்ஜீப்ராவுக்கு நன்றி.

செப்டம்பர் 15, திங்கள்

இன்டர்வ்யூ! ஓர் இரும்பு வார்ப்பாலை. வார்த்து எடுத்த உருப்படிகளை எக்ஸ்ரே மாதிரி ஸ்கேன் எடுத்து, உள்ளே காற்றுக் குமிழ் இருக்கிறதா என்று கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாகச் சுழற்றிப் பார்க்க வேண்டுமாம். லினக்ஸ் தெரிந்த ஆள் வேண்டும். மாதிரி ஸ்கேன் ஒன்று அனுப்பியிருக்கிறார்கள்; அதைக் காட்டும் புரோகிராம் எழுதி, நேரில் வந்து அவர்கள் டிவியில் ஓட்டிக் காட்ட வேண்டும். செப்டம்பர் 30, செவ்வாய், காலை 11 மணி, இடம் கணபதி ஏரியா.

இதற்குப் பெரிய கார்டு வேண்டும். நான்கு வாரமாக அதைக் கொன்று போட்டிருக்கிறேன். இனி தினமும் காலை சின்ன கார்டில் எழுதுவது, மத்தியானம் பெரியதற்கு மாறி ஓட்டிப் பார்ப்பது. பெரிய கார்டில் ஓடினால் பேட்டரி ஐம்பது நிமிடம். ஐம்பது நிமிடத்தில் அன்றைய பிழைகளையெல்லாம் கண்டுபிடித்துவிட வேண்டும்.

செப்டம்பர் 18, வியாழன்

பெரிய கார்டை ஓட்டும் மென்பொருளை, அதன் டிரைவரை, புதுப்பித்தேன். ரீஸ்டார்ட் பண்ணினேன். கறுப்புத் திரை. ஒரு மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மினுக் மினுக் என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தது.

செப்டம்பர் 19, வெள்ளி

கறுப்புத் திரை.

செப்டம்பர் 20, சனி

கறுப்புத் திரை. இணையத்தில் ஒருவன் இதே பிரச்சினையைக் கேட்டிருக்கிறான். மறுநாள் அவனே "சரியாகிவிட்டது, நன்றி" என்று எழுதிவிட்டுப் போய்விட்டான். எப்படிச் சரியானது என்று எழுதவில்லை. அவன் குலம் விளங்கவே விளங்காது.

செப்டம்பர் 22, திங்கள்

பழைய டிரைவரையே திரும்பப் போட்டேன். உயிர் வந்தது. புதுசு வேண்டும் என்று ஆசைப்பட்டது தப்பு. அந்தப் பையன் நன்றாக இருக்கட்டும்.

செப்டம்பர் 26, வெள்ளி

புரோகிராம் ஓடுகிறது. திரையில் ஒரு பம்ப் உடம்பு மெல்லச் சுழல்கிறது. வெளியே பளபளவென்று குறையே இல்லை. ஒரு பட்டனைத் தட்டினால் தோல் கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே இருக்கும் காற்றுக் குமிழ்கள் சிவப்பாகத் தெரியும். சேட்டன் பார்த்துவிட்டு, "ஐயோ, உள்ள இத்தனை ஓட்டையா!" என்று தலையில் கை வைத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது, ஏனென்று தெரியவில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

நாளை மறுநாள் ஆயுத பூஜை. அதற்கு முந்தின நாள் எல்லா ஆபீசிலும் பூஜை போட்டுப் பொரி, கடலை, ஒரு ஸ்வீட் பாக்கெட் கொடுப்பார்கள். பதினாறு வருடமாக ஒரு வருடம் தவறாமல் ஆபீஸ் பொரியோடு வீட்டுக்கு வந்திருக்கிறேன். நாளைக்கு நான் வெறுங்கையோடு வந்தால் தான்யாவே கேட்பாள். கடையில் பொரி வாங்கி, ஸ்வீட் கடையில் அரைக் கிலோ வாங்கி, ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்து வரலாம். இதுவரை நான் சொன்ன பொய்யெல்லாம் வாய்ப்பொய். நாளைக்குப் பையோடு ஒரு பொய். சாமிக்குப் படைக்கிற பொரியில். இது எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

வேலை கிடைத்துவிட்டால் நாளைக்கே சொல்லிவிடுவேன். கிடைக்காவிட்டால் எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது. அவள் திட்டுவாள் என்றல்ல. இரண்டு மாதம் என்னை நம்பித் தினமும் டிபன் கட்டினாளே, அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது?

செப்டம்பர் 30, செவ்வாய்

வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் ரேணுகா நீலச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். "இன்னைக்கு இதப் போட்டுக்குங்க" என்றாள். அதிர்ஷ்டமான சட்டை, தானாக அமைந்தது என்று சந்தோஷப்பட்டேன். வீட்டிலேயே பெரிய கார்டுக்கு மாற்றி, ரீஸ்டார்ட் பண்ணி, நூறு சதவீதத்தில் மூடி வைத்திருந்தேன். அதைப் பையில் போட்டுக் கொடுத்தாள். பை வழக்கத்தைவிடக் கனம். டிபன் அதிகமாக இருக்கும் என்று நினைத்தேன்.

வார்ப்பாலையில் பத்தரைக்கு ஆஜர். அங்கே யாருக்கும் இன்டர்வ்யூ ஞாபகமே இல்லை. எல்லோரும் இயந்திரங்களைத் துடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். பூஜை முடியட்டும் என்று உட்காரவைத்தார்கள். பதினொன்று பன்னிரண்டாகி, பன்னிரண்டரை ஆயிற்று. மடியில் இருந்த பை சுடுவதுபோல் இருந்தது. பதற்றத்தில் உடம்பு சுடுகிறது என்றுதான் நினைத்தேன்.

உரிமையாளர் ஜெகதாம்பாள் அம்மாள். அறுபது வயது, இடுப்பில் சாவிக்கொத்து, நெற்றி நிறைய குங்குமம். கூட இரண்டு இன்ஜினியர்கள். லேப்டாப்பை வெளியே எடுத்தேன். இட்லிக் கொப்பரை மாதிரிக் கொதித்தது. மூடி வைத்தால் தூங்க வேண்டிய சனியன், பெரிய கார்டு ஓடும்போது தூங்காதாம். இது எனக்கு இன்றைக்குத் தெரிந்தது. வீட்டில் மூடியதிலிருந்து பைக்குள் முழித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பேட்டரி: பதினொரு சதவீதம்.

கேபிளைச் சொருகினேன். டிவியில் பம்ப் உடம்பு வந்தது. பத்து சதவீதம். தோலைக் கண்ணாடியாக்கினேன். எட்டு. சின்ன கார்டுக்கு மாறினால் பேட்டரி தாங்கும்; ஆனால் டிவி செத்துவிடும். பெரியதிலேயே இருந்தால் டிவி இருக்கும். இன்னும் ஐந்து நிமிடத்தில் நானே செத்துவிடுவேன். உலகத்தில் இதைச் சாதித்தவர்கள் எத்தனை பேர் என்று மகளிடம் பீற்றிக்கொண்டது ஞாபகம் வந்தது.

"சார்ஜர் போட்டுக்குங்க தம்பி" என்றார் அம்மாள்.

இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, தேடுவதுபோல் நடிக்கலாம் என்று பைக்குள் கையை விட்டேன். இரண்டு மாதமாக நடித்த கை. டிபன் பாக்சுக்கு அடியில் என்னவோ தட்டுப்பட்டது. இழுத்தேன்.

சார்ஜர். எங்கள் வீட்டு டிவி பக்கத்தில் குடியிருக்கும் அதே சார்ஜர். பிய்ந்த கழுத்தில் மஞ்சள் இன்சுலேஷன் டேப் சுற்றுக்கு மேல் சுற்றாக, நூல் பிடித்ததுபோல் சுற்றியிருந்தது. கூடவே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பிளக் தூரத்தில் இருந்தால் எட்டட்டும் என்று.

ஜெகதாம்பாள் அம்மாள் வாங்கிப் பார்த்து, "இத யாரு சுத்துனது? ஈபிக்காரங்க கை மாதிரி இருக்குதே" என்றார்.

"எம் சம்சாரமுங்க."

"கெட்டிக்காரி" என்று அவரே பிளக்கில் சொருகினார்.

மீதி எப்படிப் போனதென்று சரியாக ஞாபகமில்லை. குமிழ்களைக் காட்டினேன். எண்ணச் சொன்னார்கள், எண்ணிக் காட்டினேன். நான் எண்ணியது பதினேழு. அவர்கள் உருப்படியை அறுத்துப் பார்த்தபோது கண்டது பதினாறுதானாம். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அது நல்லதா கெட்டதா தெரியவில்லை. "பூஜை முடிஞ்சு சொல்லியனுப்பறோம்" என்றார் அம்மாள். கிளம்பும்போது வாசலில் நின்ற ஒருவர், உள்ளே இருந்து வருகிற எல்லோருக்கும் கொடுப்பதுபோல, என் கையிலும் ஒரு பையைத் திணித்தார். பொரி, கடலை, ஒரு லட்டு, ஒரு ஆரஞ்சு. பையின் மேல் வார்ப்பாலையின் பெயர் கொட்டை எழுத்தில்.

ஆபீஸ் பொரி. என் ஆபீஸ் இல்லாத ஆபீசின் பொரி.

மூன்றரைக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆறு மணிவரை பேக்கரியில் உட்காரத் தெம்பில்லை. தன் ஆபீஸ் பூஜை முடிந்து சீக்கிரமே வந்திருந்த ரேணுகா கதவைத் திறந்தாள். நான் பையை நீட்டினேன். அவள் பெயரைப் படித்தாள். நான் வாசலிலேயே நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல், ஜூலை 31-லிருந்து ஆரம்பித்தேன். தண்ணீர் கொடுத்ததுவரை சொன்னேன்.

"உள்ளார வாங்க. தெருவே பாக்குது."

உள்ளே போனேன். நிஜமாகவே தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"எப்பத் தெரியும்?"

"ஆகஸ்ட் மொத வாரமேங்க. எப்பவும் நூறு பர்சென்ட்ல வந்த லேப்டாப்பு, தெனமும் செத்துப்போய் வந்துச்சு. எங்கியோ பிளக் இல்லாத எடத்துல உக்காந்திருக்கறீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் புதுசாக் குடுத்த தெருவுல ரீடிங் எடுக்கப் போன பேக்கரியில முதுகப் பாத்தேன். இருவது வருசமாப் பாக்கற முதுகுங்க."

"அந்தப் பிளக்கு..."

"நாந்தேன் போடச் சொன்னேன். சார்ஜரே கொண்டார மாட்டேங்கறாருன்னு அந்தச் சேட்டன் அப்புறம் பொலம்பறாரு."

"ஏன் ரேணு எங்கிட்டக் கேக்கல?"

"கேட்டனே. மூணு தடவ கேட்டேன்." பொரிப் பையை எடுத்துச் சாமி அலமாரி முன்னால் வைத்தாள். "நாங்க ரெண்டு மாசத்துக்கு ஒருக்காத்தேன் கணக்கெடுப்போம். அதுவரைக்கும் ஓடட்டும்னு உட்டுட்டேன். இன்னைக்கும் நீங்க சொல்லலீன்னா பியூசப் புடுங்கியிருப்பேன்."

இன்டர்வ்யூ இன்றைக்கு என்று எப்படித் தெரிந்தது, நீலச் சட்டையை ஏன் எடுத்து வைத்தாள் என்று கேட்டேன். அதற்கு மட்டும் பதில் சொல்லாமல் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ரேணுகாவின் கட்டிங் பிளேயர், டெஸ்டர், தான்யாவின் புத்தகங்கள், அரிவாள்மனை, லேப்டாப் எல்லாவற்றுக்கும் பொட்டு. சார்ஜருக்கும் ஒரு பொட்டு வைத்தேன். வார்ப்பாலையிலிருந்து இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. தான்யாவுக்கும் சொல்லியாயிற்று. "அப்ப இனிமே பகல்ல லேப்டாப் எனக்கா?" என்றாள். இந்த வீட்டில் என்மேல் யாரும் இரக்கப்படப் போவதில்லை.

இந்த டைரிக்கும் பொட்டு வைக்கலாம் என்று அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்தேன். கை வழுக்கிக் கீழே விழுந்தது. ரிப்பன் இல்லாத பக்கத்தில் திறந்துகொண்டது. அதனால்தான் பார்த்தேன். என் கொள்கையின்படி வாழ்ந்திருந்தால் சாகும்வரை பார்த்திருக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 12 பக்கத்தின் ஓரத்தில், மீட்டர் அட்டையில் எழுதுகிற அந்தச் சின்ன எழுத்தில், பென்சிலால்: "12/8. டோர் லாக். ரே."

ஆகஸ்ட் 27-இல்: "27/8. டோர் லாக். ரே."

செப்டம்பர் 10-இல் பென்சில் அழுத்தி, கொஞ்சம் கோபமாக: "10/9. டோர் லாக். ரே."

தரையிலேயே உட்கார்ந்து முதல் தடவையாக முழுவதையும் திரும்பப் படித்தேன். நேற்று எழுதிய கடைசி வரிக்குக் கீழே பென்சில் இல்லை. பேனாவால், நிதானமாக:

"30/9. கதவு திறந்திருந்தது. ரே."

பக்கத்திலேயே குங்குமம் தொட்ட ஒரு விரல் ரேகை. எனக்கு முன்னாலேயே அவள் பொட்டு வைத்துவிட்டாள். சாப்பிடக் கூப்பிடுகிறாள், போகிறேன்.